விடை சொன்னால்தான் வழி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு வேப்பங்கிளை. அதை வெட்டியவன் நான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். அழகு வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

முதல் வரியை நான்கு தரம் எழுதினேன். 'கோடை விடுமுறையில் ஊரே குதூகலமாக...' பொய். போன புரட்டாசியில்தான் இட ஒதுக்கீட்டுக்காக ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்தது. ரோட்டில் சுள்ளி கிடந்தாலும் நின்று பார்க்கிற காலம் இது. குதூகலமாம்.

2

எங்கள் ஊர்க் காசிநாதனின் மகள் அம்சவள்ளி. ஐந்தாவது முடித்துவிட்டாள், ஆறாவதில் சேர வேண்டும். லீவில் கணக்கு மறந்துவிடாமல் விளையாட்டாகவாவது போடுங்கள் என்று டீச்சர் சொன்னாராம். சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். அனுபவிப்பது நான். பிள்ளைகள் என் வீட்டுக்கு எதிரே, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லுக்குப் போகிற பாதையில், கயிறு கட்டி மறியல் நடத்தினார்கள்.

"நில்லு தாத்தா. மூணு கட்டு, கட்டுக்குப் பதினெட்டு கரும்பு. மொத்தம் எத்தினி?" என்றாள் அம்சவள்ளி.

"நான் இன்னா மில்லு கிளார்க்கா? வழிய வுடு."

"சொன்னாத்தான் வழி. தெரியலன்னா குந்திக்கினு யோசி."

(ஐம்பத்துநாலு. விரல் விட்டு எண்ணினேன். இந்த வரியை அடித்துவிட வேண்டும்.)

"கயித்த எல்லாரும் தாண்டிக்கினு போயிடுறாங்க தாத்தா. தாண்ட முடியாத மாதிரி எதுனா போடேன்."

போட்டேன். பிள்ளைகள் மேல் பாசம் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் என்னைத் திணறடித்த கணக்கில் பஞ்சாயத்துத் தலைவரும் முழிப்பதைப் பார்க்கத்தான் வெட்டினேன்.

3

மத்தியானம் பிள்ளைகள் கிளையை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மில்லில் கரும்பு இறக்க அன்றைக்குக் காசிநாதனின் முறை. கரும்பு வண்டியோடு வந்தவன் வளைவிலேயே கிளையைப் பார்த்தான். மறுபடியும் மறியல் என்று நினைத்து மாட்டைத் திருப்பிவிட்டான். இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. (நானும் அவன் இடத்தில் கேட்டிருக்க மாட்டேன்.) முறை போனது. மூன்று நாள் வெயிலில் கரும்பு வண்டியிலேயே காய்ந்தது.

விசயம் தெரிந்ததும் மகளைத் தெருவில் நிறுத்தினான்.

"கிளைய யாரு வெட்டுனது?"

"காத்துல வுழுந்துச்சு."

"படிச்சது போதும். அம்மாகூட கரும்பு வெட்டப் போ."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

4

முடிவு ஒன்று: "வெட்டுனது நான்தாம்பா, பொண்ண ஸ்கூல்ல சேத்துடு" என்கிறேன். சேர்க்கிறான்.

முடிவு இரண்டு: சொல்கிறேன். "இன்னா வயசாவுது பெருசு உனக்கு?" என்கிறான். ஊர் சிரிக்கிறது. அவளையும் சேர்க்கவில்லை.

இரண்டையும் கிழித்தேன். இரண்டிலும் நான் வாயைத் திறக்கிறேன். நிஜத்தில் தினமும் அவன் வாசல் வரை போய், மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

காசிநாதனுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் அம்சவள்ளிக்குத் தெரியும். இந்தத் தாளை அவளிடம் கொடுத்தால் அப்பன் எதிரே உட்கார்ந்து உரக்கப் படிப்பாளா, கிழவன் பாவம் என்று அடுப்பில் போடுவாளா? எனக்கு எழுத வரவில்லை. நீங்கள் படித்தவர்களாயிற்றே, எழுதிக்கொள்ளுங்கள். உங்களையும் நான் நம்பவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள் இருக்கிறது.