ஏழாவது தடவை பச்சை

விடியற்காலை ஐந்தரைக்கு அந்த அறைக் கதவைத் திறந்தால் சூடுதான் முதலில் முகத்தில் அறையும். இரும்புத் தட்டுகளில் மூன்றடுக்காகப் பதினோரு கணினிகள். மேல்மாடியில் சலவைக்கடை. அதன் குழாய் எங்கள் கூரையை ஒட்டிப் போகிறது, நாள் முழுக்க வியர்த்துச் சொட்டுகிறது. முதலில் வாளியைக் கொட்ட வேண்டும். பிறகு விசிறிகளில் அப்பியிருக்கும் துணிப்பஞ்சைத் தூரிகையால் சுரண்ட வேண்டும். பஞ்சு மூக்கில் ஏறினால் மத்தியானம் வரை தும்மல். அப்புறம் நிரம்பிப்போன வட்டுகளைக் காலி செய்து, முடங்கிக் கிடக்கும் இரண்டு மூன்றை எழுப்பி ஓடவிட வேண்டும். நிறுவனம் இதற்கு வைத்திருக்கும் பெயர் உள்கட்டமைப்பு. நாங்கள் மாட்டுக்கொட்டகை என்போம்.

அந்தக் கணினிகள் என்ன செய்கின்றன என்றால், ஒரு மென்பொருள் நூலகத்தைக் காவல் காக்கின்றன. நூலகம் என்றால் புத்தகம் இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு. எங்களுடையது எடை பார்க்கும் தொகுப்பு. பாரந்தூக்கி இயந்திரம் தூக்கும் சரக்கு எத்தனை கிலோ என்று அதுதான் சொல்லும். எங்கெங்கோ இருப்பவர்கள் ஊதியம் இல்லாமல் திருத்தம் எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் எங்கள் கணினிகள் நூலகத்தோடு சேர்த்துக் கட்டிப்பார்த்து நாலாயிரம் சோதனை ஓட்டும். எல்லாம் தேறினால் திரையில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு இருந்தால் புதிய வெளியீடு வெளியே போகாது.

இதைக் காக்க ஆறு பேர் இருந்தோம். நல்ல கணினிகளும் இருந்தன. செலவைக் குறைக்கிறோம் என்று மூன்று பேரை அனுப்பிவிட்டு, மற்ற கிளைகள் கழித்துப்போட்ட பழையதுகளைக் கொண்டுவந்து இங்கே அடுக்கினார்கள். அந்தக் கடிதத்தில் நன்றி என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து மேலாளருக்கு நன்றியார் என்று பெயர். கூடுதலாக ஓர் ஆள் கேட்டால் இது பொதுச்சேவை என்பார். ஒருநாள் விடுப்பு கேட்டால் இது வேலை என்பார். ஒரே வாயால் இரண்டையும் சொல்ல நன்றாகப் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

மிச்சமிருந்தவர்கள் நான், அக்கா, பூட்டு. வெளியீட்டுக்கு முத்திரை வைக்கும் சாவி அவரிடம் இருந்ததால் அவர் பூட்டு. மூவருமே வேறு ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டை வேலையோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். வேலை போனால் அறுபதாம் நாள் பெட்டியைக் கட்ட வேண்டும். அக்கா இரண்டு அறை வீட்டில் அம்மாவோடும், கைவிட்டுப் போன கணவனின் தங்கையோடும் இருந்தாள். உன் வேலைதான் என்னடி என்று அம்மா கேட்டால், "விளக்கு பச்சையா எரியுதான்னு பாக்குற வேலைம்மா" என்பாள்.

நாலாயிரம் சோதனையில் ஒன்றுக்குக் கிறுக்கன் என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டு பாரம் ஒரே கணத்தில் ஏறினால் ஒன்றின் எடை இன்னொன்றின் பேரில் விழுகிறதா என்று பார்ப்பது அது. பழைய கணினிகள் வந்த பிறகு ஒரு தடவை தேறும், ஐந்து தடவை தவறும். கணினிதான் மந்தம், சோதனைதான் கிறுக்கு என்று நாங்களே முடிவு கட்டினோம். திரையில் 'மறுபடி ஓட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்திக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒரு தடவை பச்சை வரும். வந்ததும் பழைய சிவப்பெல்லாம் ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கடைசியாக அழுத்தியவரின் பெயர் மட்டும் மேலே நிற்கும். யாரும் அந்த அம்புக்குறியைத் தொட்டதில்லை.

போன மாத வெளியீட்டுக்கு ஆறு தடவை சிவப்பு. மூன்றாவது சிவப்பிலேயே அக்கா சந்தேகப்பட்டு, இது உண்மையான கோளாறாக இருக்கலாம், தேடிப் பார்க்க நாலு நாள் வேண்டும் என்று நன்றியாருக்கு எழுதினாள். மூன்று சொல்லில் பதில் வந்தது: 'நன்றி. மறுபடி ஓட்டவும்.' ஏழாவது தடவை அழுத்தினாள். பச்சை.

மூன்று வாரத்தில், நாலு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் கிடங்கில், அந்த வெளியீட்டை ஏற்றியிருந்த ஒரு பாரந்தூக்கி தொள்ளாயிரம் கிலோவைத் தொண்ணூறு என்று நம்பித் தூக்கியது. சரக்கு நழுவி விழுந்ததில், கீழே நின்ற சுமைதூக்குபவரின் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

அவருடைய மனைவி காலை எட்டு மணிக்கு எங்கள் கதவைத் தட்டினார். தப்பு தன்னுடையது இல்லை, மென்பொருளுடையது என்று கிடங்கு முதலாளி கைகழுவியிருந்தான். நூலகத்தின் பக்கம் எல்லோருக்கும் திறந்தது. அந்த அம்மாவின் தங்கை கைப்பேசியில் தேடி, பச்சை காட்டியவரின் பெயரையும் இந்த முகவரியையும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"இந்தப் பேரு யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா.

அந்த அம்மா சத்தம் போடுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் அக்காவையும் வாளியையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய ஆபீசு என்று நினைத்து வந்தேன் என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைத் திருப்பி, அந்த அம்புக்குறியைத் திறந்து காட்டினாள். ஆறு சிவப்பு வரிசையாக விழுந்தது. நன்றியாரின் மூன்று சொல் பதிலையும் படித்துக் காட்டினாள். எல்லாவற்றையும் விளக்கிவிட்டுச் சொன்னாள்: "அவன் கிறுக்கன் இல்லம்மா. ஆறு தடவை கத்தினான். நாங்கதான் வாயைப் பொத்தினோம்."

பத்து மணிக்கு நன்றியார் வந்தார். மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைச் சலவைக்கடை ஆள் என்று நினைத்திருப்பார். ஏழைகளின் முகத்தை உற்றுப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். எச்சரிக்கையை மீறி அக்கா தன்னிச்சையாக அழுத்தினாள், இது தனிமனிதத் தவறு என்று அதில் இருந்தது. மத்தியானத்துக்குள் கையெழுத்து வேண்டுமாம். போட்டால் வேலை போகும், ஆனால் கௌரவமாகப் போகுமாம். போடாவிட்டால் வேறெங்கும் வேலை கிடைக்காதபடி எழுதி அனுப்புவார்களாம். அப்புறம், சாயங்காலம் புதிய வெளியீடு போயாக வேண்டும், அதையும் பச்சையாக்கி வையுங்கள் என்றார்.

"அந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கு சார்" என்றாள் அக்கா.

"அதை அடுத்த மாசம் பாத்துக்கலாம். மனிதத் தவறு எங்கயும் நடக்கிறதுதான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

பூட்டு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மனிதத் தவறுன்னு போட்டா உங்க பேரைச் சேர்க்க முடியாது. சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார்."

அது நன்றியாருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் உயர்ந்தது. எங்கேயோ ஒரு கூலியாள் பராக்குப் பார்த்து நின்றதற்கு நான் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது என்றார்.

மூலையிலிருந்து அந்த அம்மா எழுந்தார். "பராக்குப் பாக்கல. எடையைத்தான் பாத்துட்டு நின்னாரு. தொண்ணூறுன்னு காட்டிச்சு."

நன்றியார் அந்த அம்மாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வருத்தம் காட்டும் முகம் ஒன்றைச் செய்யப் பார்த்தார். அது சரியாக உட்காரவில்லை. உங்களுக்கு எங்கள் அனுதாபங்கள் என்று தொடங்கினார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

அக்கா தாளை மடித்து அவர் பையிலேயே சொருகினாள். அறுபது நாளும், அம்மாவின் மருந்தும், இரண்டு அறை வீடும் அவளுக்கு நினைவில் இருந்தன. "கையெழுத்துப் போடல சார். அழுத்தவும் மாட்டேன். ஒரு தடவை ஓட்டுவேன். அது என்ன சொல்லுதோ, அதுதான்."

"நீ அழுத்தாட்டி இவங்க அழுத்துவாங்க."

நானும் அதுவரை கோழையாகத்தான் இருந்தேன். எத்தனையோ காலைகளில் நானும் தும்மிக்கொண்டே அதே பொத்தானை அழுத்தியிருக்கிறேன். மாட்டேன் என்று வாய் சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. பூட்டு சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அக்கா ஒரே ஒரு தடவை ஓட்டினாள். சிவப்பு. அப்படியே விட்டோம். நூலகத்தின் முகப்பில், ஆறு சிவப்பையும் அந்த மூன்று சொல் பதிலையும் வைத்து, அழுத்தச் சொன்னது யார், அழுத்தியது யார், இனி ஏன் அழுத்த மாட்டோம் என்று எழுதி மூன்று பேரும் பெயர் போட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் திருத்தம் அனுப்பும் முகம் தெரியாதவர்களிடமிருந்து பதில் வரத் தொடங்கியது. நாங்களும் அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தோம், இனி எங்கள் திருத்தங்களும் சிவப்பாகவே நிற்கட்டும் என்று ஒருவர். அப்புறம் பத்து. அப்புறம் எண்ணவில்லை. பக்கம் முழுக்கச் சிவப்பு.

"என்னது, கட்சி ஆரம்பிக்கிறீங்களா? எல்லாம் சிவப்பா இருக்கு?" என்றார் நன்றியார். தன் வாயிலிருந்து ஒரு நகைச்சுவை வந்துவிட்டதில் அவருக்கே கொஞ்சம் திருப்தி. பச்சையாக்க வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் மூன்று மணிக்கு வந்தான். இன்னொரு கிளையிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டவன். கழுத்தில் புது அட்டை, பையில் புதுச் சாவி. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து அழுத்தினான். சிவப்பு. மறுபடி அழுத்தினான். சிவப்பு. மூன்றாவதற்குக் கை போனபோது, அவன் பின்னால் நின்ற அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "இதைத்தான் அழுத்திக்கிட்டே இருப்பீங்களாப்பா?"

அவன் திரும்பினான். இவங்க யாரு என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். அவன் முகப்பைத் திறந்து நாங்கள் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தான். கைப்பேசி அதிர்ந்தது. நன்றியார்தான். அது தானாக ஓயும்வரை விட்டான்.

"எனக்கு இவ்வளவும் சொல்லலக்கா" என்றான். "ஏதோ ஒரு பொத்தான், போய் அழுத்திட்டு வான்னாங்க." பிறகு நாலாவதாகத் தன் பெயரைத் தட்டினான்.

அந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "அவரு பேரையும் போடுங்க. கையெழுத்துக் கேட்டா இடது கையில பழகிக்குவாரு." கிளம்பும்போது நின்று சொன்னார்: "நாளைக்குக் காலைல கிடங்கு வாசல்ல அவரோட சுமை தூக்குறவங்க மறியலுக்கு உக்கார்றாங்க. இந்த ஆறு சிவப்பையும் எடுத்துக்கிட்டு வாங்க. அவங்களுக்கும் காட்டணும்."

நாளை எங்கள் மூவருக்கும் வேலை இருக்குமா என்று தெரியாது. அந்தப் புதியவனுக்கும் தெரியாது. பூட்டு தாளை அடுக்கி அச்சு எடுக்கத் தொடங்கினார். எத்தனை பிரதி என்று கேட்டேன்.

"கிடங்குல எத்தனை பேரு தூக்குறாங்கன்னு அந்தம்மாகிட்ட ஓடிப்போய் கேட்டுட்டு வா" என்றார்.

ஓடினேன்.