நட்டநடுவில் ஓர் அடிபம்பு

எங்கள் மாமா சபாபதி தலைவராக இருக்கிற சங்கத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க நல்ல நுரையீரல் வேண்டும். பன்னாட்டு வளர்ச்சிப் பணி ஓய்வு பெற்றோர் சங்கம், கடலூர்–சிதம்பரம் கிளை. திருப்பாதிரிப்புலியூரில் என் பாத்திரக்கடையைச் சுற்றியுள்ளவர்கள் அதை 'ஃபாரின் பென்ஷன் சங்கம்' என்று சுருக்கிவிட்டார்கள். பஞ்சம், பூகம்பம், அகதி முகாம் என்று உலகத்தில் எங்கே துக்கம் என்றாலும் பெட்டி கட்டிக்கொண்டு ஓடியவர்கள் இவர்கள். இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார்கள்.

மாமா எங்கள் அக்கா லோகநாயகியைக் கட்டியவர். சிதம்பரத்தில் வீடு. பாதி ஆயுளை ஆப்பிரிக்காவில் தண்ணீர் தேடியே கழித்த எஞ்சினியர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கூட்டத்துக்குக் கூட்டம் நான்தான் சாரதி. கூலி, அங்கே தருகிற டிபன். நஷ்டமில்லாத வியாபாரம்.

அந்த வருஷத்துக்கு என்னென்ன செய்யலாம் என்று திட்டம் போடுகிற கூட்டம் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் நடந்தது. இவர்கள் திட்டம் போடுகிற அழகுக்கு டிக்கெட்டே போடலாம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்குக் கொஞ்சம் கலர் அட்டை, ஒரு தடித்த பேனா. ஓர் அட்டைக்கு ஒரு யோசனை. எழுதியதைச் சுவரில் ஒட்டிய காக்கிக் காகிதத்தில் குத்த வேண்டும். அப்புறம் ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு. பிடித்த அட்டையில் பொட்டு வைத்தால் அது ஓட்டு. பேன்ஸி ஸ்டோரில் வாங்கின அதே சிவப்புப் பொட்டுதான்.

"பேசுனா ரெண்டு நிமிஷத்துல முடியுற சமாச்சாரம். அதுக்கு எதுக்கு சார் இவ்ளோ அட்டை?" என்று பக்கத்திலிருந்த சகாயநாதனின் காதில் கிசுகிசுத்தேன்.

"பேசவுட்டா தொண்ட பெருசா இருக்குறவன் ஜெயிச்சிடுவான் தம்பி. அட்டைக்கு எல்லாருக்கும் ஒரே தொண்டதான்" என்றார் அவர். "உங்க கடைத்தெருவுல இதெல்லாம் நடக்காது."

அவர் ஓட்டி கோயில் தெரு மாதா கோயில் பங்கைச் சேர்ந்த சாதுவான கிறிஸ்தவர். ஒரு தடவை, எல்லை தாண்டி ஓடிவந்த லட்சம் பேருக்கு ஒரு வாரத்தில் கூடாரம் போட்டுக் கொடுத்தவராம். நான் என் மகள் கல்யாணத்தில் ஐந்நூறு பேருக்குப் பந்தி போட்டுவிட்டுக் காய்ச்சலில் விழுந்தவன். அவரை ஏற இறங்கப் பார்த்தேன். சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலம்தான் தெரிந்தது.

சுவரில் அட்டைகள் ஏறின. கண் சிகிச்சை முகாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பனை விதை ஊன்றுவது. பிச்சாவரத்தில் படகு. மூன்று வருஷமாக இதே சரக்குதான், புது உறை போட்டு வருகிறது. கடைசியாகச் செயலாளர் புஷ்பவள்ளி எழுந்து போய் ஓர் அட்டையைக் குத்தினார். குழந்தைகளின் ஊட்டச்சத்துக்காக நாலைந்து நாடுகள் சுற்றியவர். குரல் சன்னமானது. எழுத்து அப்படியில்லை.

'நாம் விட்டுவிட்டு வந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்போம்.'

பேசக் கூடாது என்ற சட்டத்தால் அதுவரை அமைதியாக இருந்த அறை, இப்போது வேறு மாதிரி அமைதியானது. இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். புராஜெக்ட் முடிந்தால் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட வேண்டும். திரும்பிப் போவதில்லை. போகப் பணமும் யாரும் தருவதில்லை. வெட்டின கிணற்றில் தண்ணீர் நின்றதா, எடை பார்த்த குழந்தை பிழைத்ததா, எதுவும் தெரியாது. நான் விற்ற குக்கர் விசில் அடிக்கவில்லை என்றால் மறுநாளே கடை வாசலில் வந்து நிற்பார்கள். இவர்கள் வாசலுக்கு யாரும் வந்ததில்லை.

ஒவ்வொருவராக எழுந்து அந்த அட்டையில் பொட்டு வைத்தார்கள். எழுதின எழுத்து தெரியாமல் சிவப்பு மூடியது. மாமா மட்டும் தன் மூன்று பொட்டையும் கண் முகாமில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மொத போன் தலைவருக்குத்தான்" என்றார் புஷ்பவள்ளி. "சார் வேல பார்த்த பக்கத்துப் பொண்ணு ஒண்ணு சிதம்பரத்துல ஆராய்ச்சிப் படிப்பு படிக்குது. அதுங்கிட்ட கேட்டேன், பேசித் தர்றேன்னுடுச்சி."

மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார்.

மாமாவைக் காரில் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகையில், ஆலப்பாக்கம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"என்னா மாமா, போன்தான? கடன்காரனுக்குப் போன் போடுற மாதிரி இருக்கீங்க."

"மச்சான், உனக்கு எல்லாம் தமாஷ்" என்றார். பிறகு அவரே சொன்னார்.

எத்தியோப்பியாவின் தெற்கே ஒரு வறண்ட காடு. மாடு மேய்க்கிற இரண்டு கூட்டத்தாரின் இரண்டு ஊர்கள். நமக்குப் புரிவதற்காக மேலூர், கீழூர் என்றார். மேய்ச்சல் நிலத்துக்காகத் தலைமுறைப் பகை, வெட்டுக்குத்து. இவரிடம் இருந்ததோ ஒரே ஒரு கிணற்றுக்கான காசு. மேலூரில் போட்டால் கீழூர்க்காரன் விடமாட்டான். கீழூரில் போட்டால் மேலூர்க்காரன் விடமாட்டான்.

"என்னா செஞ்சீங்க?"

"அளந்தேன். போர் போட்டு நட்டநடுவுல அடிபம்பு வச்சேன். ரெண்டு ஊருக்கும் சரிசமமான தூரம்."

"அய்யோ மாமா. பங்காளி ரெண்டு பேருக்கும் பொதுவுல செவுரு கட்டுன கதையாக்கீதே. நடுவுல இருந்தா ரெண்டு பேருக்கும் தூரம்தான?"

"தூரம்கூட பரவால்ல." மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல தண்ணி வந்துச்சு. திறப்பு அன்னிக்கு ரெண்டு ஊரும் வந்து ரெண்டு பக்கமா நின்னாங்க. யாரும் கிட்ட வரல. மொத வாய் எவன் குடிக்குறானோ அவன் எறங்கிப் போனதா அர்த்தமாம். நானே அடிச்சு நானே குடிச்சேன். ஒரு பொம்பள மட்டும் வந்து சொன்னா, 'இங்க புள்ளைங்கள தண்ணிக்கு அனுப்புனா பொணமாத்தான் வரும்'னு. அடுத்த வாரம் புராஜெக்ட் முடிஞ்சுது. 'சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது'னு எழுதிட்டு வந்துட்டேன்."

வெள்ளாற்றுப் பாலம் வந்தது.

"தண்ணி வத்தியிருந்தா வத்தட்டும் மச்சான். பம்பு துருப்புடிச்சிருந்தா போவட்டும். அந்தப் பம்புக்கு வந்த புள்ள எதாவது... அத என் காதால கேக்கணுமா?"

அக்கா வீட்டு வாசல்வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

அடுத்த கூட்டம் சிதம்பரம் மேல வீதியில் ஓர் ஓட்டல் மாடியில். மாமா காலையிலேயே இரண்டு தடவை கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பார்த்தார். முதலில் தலைவலி. அப்புறம், "அந்த ஊருல நெட்டு கெடைக்காது, வீணா எதுக்கு?" புஷ்பவள்ளி எதற்கும் அசையவில்லை. "கெடைக்கலனா கெடைக்கலனு தெரிஞ்சுக்குவோம் சார்."

அந்தப் பெண்ணின் பெயர் துமே. நெட்டையாக, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். சிதம்பரத்துக்கு வந்து மூன்று வருஷமாகிறது. "வணக்கம் அங்கிள், காப்பி சாப்டாச்சா?" என்று அவள் கேட்டதும் கிழடுகள் எல்லாம் பூரித்துப்போனார்கள். அவள் சித்தப்பா லாரி ஓட்டுகிறவர், அந்த இரண்டு ஊர் வழியாகத்தான் போய்வருகிறார், இன்றைக்கு அங்கேதான் நிற்கிறார் என்றாள். போனைக் கம்பியால் டிவியோடு சேர்த்தார் சகாயநாதன்.

மணி அடித்தது. டிவியில் முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு ஒரு முழு முகம், பல்லெல்லாம் சிரிப்பு. சித்தப்பா. பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன சத்தம் அது?" என்றார் மாமா.

துமே கேட்டுச் சொன்னாள். "இன்னைக்கு சந்தை நாள், அங்கிள்."

"அந்த எடத்துல சந்தை ஏது? வேற எங்கியோ நிக்குறாரு. ரெண்டு ஊருக்கும் நடுவுல, ஒத்த அடிபம்பு, சுத்தி ஒண்ணும் இருக்காதுனு சொல்லு."

அவள் சொன்னாள். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். "அந்த நடுவுலதான் நிக்கிறாராம்" என்றாள் துமே.

சித்தப்பா போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

சந்தை என்றால் எனக்குத் தெரியும். கடலூர் துறைமுகத்து மீன் ஏலத்திலிருந்து குறிஞ்சிப்பாடி வாரச்சந்தை வரைக்கும் நின்று பேரம் பேசி வளர்ந்த உடம்பு இது. ஆனால் அந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. வெங்காயம் குவியல் குவியலாக. தகர டப்பாக்களில் பால். ஒட்டகங்கள் முழங்காலை மடக்கி, கடைக்காரனைப் போல அலட்சியமாக உட்கார்ந்திருந்தன. ஆடுகள். துணிக்கடை. பிளாஸ்டிக் குடம். செல்போன் ரிப்பேர் கடை. அலுமினியப் பாத்திரக்கடை ஒன்று வந்தபோது நான் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். நம் கடையில் அடுக்குகிற மாதிரியே பெரிசு கீழே, சிறிசு மேலே. சித்தப்பா நடந்துகொண்டே இருந்தார். ஒரு தெரு முடிந்தால் இன்னொரு தெரு. மசூதி ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, லாரிகள் வரிசை. மறுபடியும் கடைகள். இதோ முடிந்துவிடும் என்று பார்த்தால் முடியவில்லை. சர்வர் காபித் தட்டோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கடைத்தெருவில் பிறந்த எனக்குத் தெரியும், சந்தையை யாராலும் திட்டம் போட்டு உண்டாக்க முடியாது. கட்டடம் கட்டலாம். திறப்பு விழா வைக்கலாம். மங்கலம்பேட்டைப் பக்கம் அப்படிக் கட்டின கடைகளில் ஆடு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தை தானாகத்தான் முளைக்கும். முளைக்கிற இடத்தைச் சொல்ல எங்கள் அப்பன் பாட்டனாலும் முடியாது.

"பம்பு எங்கனு கேளும்மா" என்றார் மாமா.

சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கேட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் பால் விற்கிற ஒரு கிழவியிடம் போனைக் கொண்டுபோனார். அவள் பேசப் பேச, துமே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

ஆமாம், ஒரு பம்பு இருந்தது. ரொம்ப நாள் யாரும் தொடவில்லை. பிறகு ஒரு வருஷம் மழையே இல்லை. மாடெல்லாம் செத்தது. வேறு வழியில்லாமல் ஓர் ஊர்ப் பெண்கள் காலையில் வந்தார்கள், மற்ற ஊர்ப் பெண்கள் சாயங்காலம் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் போய்விடலாம் என்று. ஒருநாள் காலையில் வந்தவர்கள் வெயிலுக்குப் பயந்து தங்கிவிட்டார்கள். சாயங்காலத்துப் பெண்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். இவளிடம் பால் இருந்தது, அவளிடம் சோளம் இருந்தது. மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் ஆளுக்கு ஒரு படி கூடவே கொண்டுவந்தார்கள். பம்பு அதற்கப்புறம் சீக்கிரமே கெட்டுப்போச்சு. அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "சண்ட? அந்தப் பம்புக்கு வந்த எடத்துல... யாராச்சும் செத்தாங்களா?"

துமே அதைக் கேட்கத் தயங்கினாள். பிறகு கேட்டாள். கிழவி கையை வீசிச் சொன்ன பதில் நீளமாக இருந்தது.

"சண்டை வேற இடத்துல நடந்திருக்கு, நிறைய" என்றாள் துமே. "இங்க கிடையாதாம். இந்த இடம் அவங்களுதும் இல்ல, இவங்களுதும் இல்ல. யாருக்கும் சொந்தமில்லாத இடத்துல சண்டை போட யாருக்கும் உரிமை இல்லையாம். ஈட்டி, துப்பாக்கி எல்லாத்தையும் அந்த மரத்தடியில வச்சிட்டுத்தான் உள்ள வரணும். இதுவரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் இங்க விழுந்ததில்லன்னு சொல்றாங்க."

சித்தப்பா போனை அந்த மரத்தின் பக்கம் திருப்பினார். குடை மாதிரி படர்ந்த முள்மரம். அதன் அடியில் தடிகளும் ஈட்டிகளும் கல்யாண வீட்டு வாசலில் செருப்பு கிடக்கிற மாதிரி கிடந்தன. காவலுக்கு ஆள்கூட இல்லை.

சகாயநாதன் மெதுவாக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கையை எடுத்தார்.

"சொல்லும்மா துமே!" என்று எழுந்துவிட்டார் புஷ்பவள்ளி. "பம்பு போட்டவரு இவருதான்னு அந்தம்மாகிட்ட சொல்லு!"

"வேணாம்" என்றார் மாமா.

"ஏன் சார்? அவுங்களுக்குத் தெரிய வேணாமா?"

"ஒரு ஆளு பேரு வந்துட்டா, அவன் எந்தப் பக்கத்து ஆளுனு பேச்சு வரும். யாரு போட்டதுனு தெரியாம இருக்குறவரைக்கும்தான் அது நடுவு. வுட்டுடுங்க."

பேரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இத்தனை பெரிய சரக்கை ஒருத்தர் பெயர்கூடப் போடாமல் விட்டுக்கொடுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிவியில் கிழவி கண்ணை இடுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"அழுறாரே, அந்தப் பெரியவர் யாருன்னு கேக்குறாங்க" என்றாள் துமே. "என்ன சொல்லட்டும் அங்கிள்?"

மாமா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "வெல கேக்க வந்தவன்னு சொல்லு. பால் என்னா வெலனு கேளு."

கிழவிக்கு அது புரிந்துவிட்டது. வாடிக்கைக்காரனைக் கண்ட மாதிரி அவள் முகம் மாறியது. தகரக் குவளையில் பாலை மொண்டு, நுரை வழிய, போனுக்கு அருகே நீட்டினாள். ஒரு விலை சொன்னாள். துமே அதை எங்களிடம் சொன்னாள். அந்த ஊர்க் காசு என்ன மதிப்பென்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். "மச்சான், நியாயமான வெலையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிவியில் நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"குடுக்கலாம் மாமா" என்றேன்.