மொராக்கோவுக்கு வரேன்

டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தாண்டியிருந்தது. தாண்டியதைத் தொட்டியில் சாய்த்துவிட்டு மறுபடி பார்த்தார். இப்போது சரியாக இருந்தது.

கண்ணாடி டம்ளரில் அந்தக் கோட்டை நகப்பூச்சால் போட்டவள் அவர் மனைவிதான். சிறுநீரகம் கைவிட்டு, ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிய அன்றைக்கே, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணிப் போட்டாள். "நான் கேட்டா நீங்க இரக்கப்பட்டுக் குடுத்துடுவீங்க. கோடுன்னு ஒண்ணு இருந்தா அது மேல பழியப் போட்டுக்கலாம்" என்றாள்.

அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். இத்தனை பேர்தான் என்று உள்ளே எழுதியிருந்தால், அதற்கு மேல் ஒரு கைக்குழந்தையைக்கூட ஏற விடாத மனிதர். இந்த ஆறு வருஷத்தில் அவர் கை ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவள் சிரித்துக் கேட்டிருக்கிறாள், சண்டை பிடித்துக் கேட்டிருக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவர் மசியவில்லை. அப்படி அளந்து ஊற்றியதால்தான் அவள் இத்தனை காலம் இருந்தாள் என்பதும் உண்மை.

போன வாரம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் தாங்காது, இனி டயாலிசிஸ் வேண்டாம் என்றார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்கிறதக் குடுங்க. எதையும் தடுக்காதீங்க."

அவர் தலையாட்டினார். காதில் எல்லாம் சரியாகத்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும், காலண்டரில் வியாழக்கிழமையைச் சுற்றி எப்போதும் போல வட்டம் போட்டார். அது டயாலிசிஸ் நாள். வட்டம் இருந்தால் வியாழக்கிழமை வந்துவிடும், அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நப்பாசை.

"ஏங்க..." என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேன்."

அவள் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். கால்கள் வீங்கி, உதடு வெடித்துக் கிடந்தது. பேச்சில் மட்டும் பழைய குறும்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் டம்ளரைத்தான் பார்த்தாள்.

"இன்னிக்காவது முழுசா ஒரு டம்ளர் குடுங்களேன்."

"வியாழக்கிழமை டயாலிசிஸ் இருக்குல்ல. அது முடியட்டும்."

அவள் அவரையே பார்த்தாள். டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். முழு டம்ளரை நீட்டிவிட்டால், வியாழக்கிழமை இல்லை என்று அவரே தன் வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

"சரி, பாத்துக் குடுங்க" என்றாள் கடைசியில். "சிந்தினா அதையும் என் கணக்குலதான் சேப்பீங்க."

அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். அவள் ஒவ்வொரு வாயாக நிறுத்தி, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். அந்தப் பார்வை தன் மேல் மறுபடி திரும்புவதற்குள் அவர் பேச்சை மாற்றினார்.

"இன்னிக்கு எந்த நாடு?"

அது அவர்களுடைய பழைய விளையாட்டு. டயாலிசிஸ் கூடத்தின் சுவரில் ஒரு டிவி, சத்தமில்லாமல் ஏதாவது ஊரைக் காட்டிக்கொண்டே இருக்கும். முதல் மாதம் அவள் அழுதுகொண்டே படுத்திருந்த ஒருநாள், அழுகையை நிறுத்த வழி தெரியாமல், "எந்த நாட்டுல வேணா போய்க் குடியிருக்கலாம்னா நீ எங்க இருப்பே?" என்று கேட்டுவைத்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "நார்வே" என்றாள். அன்றிலிருந்து ஊசி குத்தியதும் ஆளுக்கொரு நாட்டைச் சொல்லியாக வேண்டும், மெஷின் நிற்கும்வரை அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டும்.

அவள் கனடா என்பாள், பின்லாந்து என்பாள், நியூசிலாந்து என்பாள். அவருக்கு மாறாமல் மொராக்கோதான். லிஃப்ட் பழுது பார்க்கப் போன ஒரு டிராவல்ஸ் ஆபீசில் கொடுத்த காலண்டரில் அந்த நாட்டைப் பார்த்தார். மண் நிற வீடுகள், மணல், சுள்ளென்ற வெயில். முட்டிவலிக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

"அங்க போய் மணலையா அள்ளித் திங்கிறது?" என்பாள்.

"உன் ஊருல பனியில வழுக்கி விழுந்தா யாரு தூக்குறது?"

"பின்ன உங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்?"

ஒரு நாள்கூட இரண்டு பேரும் ஒரே நாட்டில் இருந்ததில்லை. நீங்க விசா வாங்குறதுக்குள்ள விவாகரத்து வாங்கிடுவீங்க போலிருக்கே என்று நர்ஸ் கிண்டல் செய்வாள்.

இன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "உங்க நாட்டுக்கே வரேன்" என்றாள்.

"எங்க?"

"மொராக்கோவுக்கு. மணலாவே இருந்துட்டுப் போகட்டும். வரேன்."

சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலி டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார். வேலை செய்யும் ஊரிலிருந்து மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா, உங்கம்மா மொராக்கோவுக்கு வரேன்னுட்டா. ஒருவழியா ஜெயிச்சுட்டேன்."

"நான் வந்துட்டே இருக்கேன்பா" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் கட்டிலருகே இருந்த மின்விசிறி கடகடத்தது. அவள் தூக்கம் கெடுமே என்று கழற்றி எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டினார். இறக்கை சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கிய பிறகுதான், அறையில் அவள் மூச்சுச் சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தார். கையைத் தொட்டார். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கத் தோன்றாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். முக்காலியில் டம்ளரின் அடியில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

சாயங்காலம் மகள் வந்து சேர்ந்தாள். அக்கம்பக்கத்தார் கூடத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் வெடித்த உதட்டை விரலால் தடவினாள்.

"தண்ணி குடுத்தீங்களாப்பா?"

"குடுத்தேன்."

"நல்லவேளை. வயிறு நிறையக் குடிச்சிருப்பாங்க." அவள் அழுகையினூடே சிரிக்கப் பார்த்தாள். "அந்த நார்வேயும் கனடாவும் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதில்ல? ஏரி, மழை, பனின்னு எங்க தண்ணி இருக்கோ அந்த நாடாப் பாத்துத்தான் சொல்லுவாங்க. நாக்கு வறண்டு கெடக்கிறப்ப அங்க போய் ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிக்கிற மாதிரி நெனச்சுப்பாங்களாம். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அளந்து ஊத்துற மனுஷன், தெரிஞ்சா தாங்க மாட்டாருன்னு."

காலையில் போனில் ஜெயித்துவிட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் அவர் நாட்டுக்கு வரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டாள். அதைக்கூட அவர் மனம் நோகாதபடி ஒரு நாட்டின் பெயராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அழுததில் மகளுக்கு இருமல் வந்துவிட்டது. "கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா."

முக்காலியிலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். குழாயைத் திறந்தார். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் கை தானாகக் குழாயை மூடியது. டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இம்மிகூட முன்பின் இல்லை.

மறுபடி குழாயைத் திறந்தார். தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியது. விளிம்பு வரை நிறைந்து தளும்பியபோது மூடினார்.

அறைக்கு வருவதற்குள் யாரோ மகளுக்குத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி அவருக்கு வழிவிட்டார்கள். அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துக் கட்டிலருகே வந்து, அவள் தலைமாட்டு முக்காலியில் அதை வைத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.