அலபைத்தால் எழுதிய பக்கங்கள்

புதிய தளத்தில் கிர்கிஸ் கொடியை அழுத்தினேன். ருஷ்ய மொழி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினேன். மேலே சிவப்புக் கொடியும் அதன் நடுவில் மஞ்சள் சூரியனும் அப்படியே இருந்தன. கீழே ஆட்டுக் கழிச்சலுக்கு என்ன கொடுப்பது என்று ருஷ்ய மொழியில் எழுதியிருந்தது. கோமாரிப் பக்கத்துக்குப் போனேன், ருஷ்யம். மாட்டிலிருந்து ஆளுக்கும் தொற்றுகிற அடைப்பான் பக்கம், அதுவும் ருஷ்யம். மலைமேல் கூடாரத்துக்கு வெளியே நின்று, செத்துக் கிடக்கும் மாட்டைத் தொடலாமா கூடாதா என்று போனில் தேடுகிறவனுக்கு இந்த ருஷ்யத்தில் பாதிகூடப் புரியாது. அவனுக்காகத்தான் அந்தப் பக்கமே.

ஆங்கிலக் கொடியை அழுத்திப் பார்த்தேன். ஆங்கிலம் பத்திரமாக வந்து உட்கார்ந்திருந்தது, ஒரு வரி குறையவில்லை. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அமைப்பு கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கிறது. மேய்ச்சல்காரர்களுக்குக் கால்நடை நோய்களைப் பற்றிச் சொல்லும் இணையதளத்தை மூன்று மொழிகளில் நடத்துகிறோம். பழைய தளம் கிழடு தட்டிப்போனது. ஆகவே யார் கண்ணிலும் படாமல் ஒரு புதிய தளத்தைக் கட்டி, மொழிபெயர்ப்புகளையெல்லாம் அங்கே நகர்த்தி, எல்லோரும் பார்த்துச் சரி சொன்னதும் திறந்துவிடுவது என்று ஏற்பாடு. நகர்த்துகிற வேலை வித்தாலியுடையது. வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிர்கிஸ் பக்கங்கள் அத்தனையும் நான் எழுதியவை. மொழிபெயர்த்தவை என்றுதான் அலுவலகத்தில் சொல்வார்கள். மருத்துவர்களின் ருஷ்யத்தை அப்படியே மாற்றி வைத்தால் எந்த மேய்ப்பனும் இரண்டாவது வரிக்கு வரமாட்டான். அதனால் எழுதியவை என்றே சொல்கிறேன், எனக்குக் கூச்சமில்லை.

அந்தக் காலை நான் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. முந்தைய வாரம் தேநீரை எடுத்துக்கொண்டு நடையில் வரும்போது, இயக்குநர் ரோஸா அலிம்பெகோவ்னா அறைக்குள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "இப்பல்லாம் மெஷினே மொழிபெயர்த்துக் குடுத்துடுதே. கிர்கிஸுக்குன்னு தனியா ஒரு ஆள் வேணுமா என்ன?" அதற்கு மறுமுனையில் என்ன சொன்னார்களோ, இவர் சிரித்தார். கோப்பையிலிருந்து தேநீர் சிந்தி என் கை சுட்டது. அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டால்கூட என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிற செசிம் எனக்குப் பக்கத்து மேசை. எரிகிற அடுப்பில் ஊதிவிடுவதில் கெட்டிக்காரி.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. என்னோடது நகர்ந்துச்சு, ருஷ்யம் நகர்ந்துச்சு. உங்களோடது மட்டும் நகரலைன்னா அது தானா நடக்கிற விஷயமா?"

"கேட்டியா வித்தாலிகிட்ட?"

"கேட்டேனே. 'பாத்துட்டிருக்கேன்'னான். என்னத்தப் பாத்துட்டிருக்கானோ, மூஞ்சியையே நிமித்தல."

வித்தாலி நல்ல உயரம், அதிகம் பேசமாட்டான். நாள் முழுக்கச் சூரியகாந்தி விதை கொறிப்பான். உமியை ஒரு காகிதப் பொட்டலத்தில் சேர்த்து வைத்து, மாலையில் யாரும் சொல்லாமலே குப்பையில் போட்டுவிட்டுப் போவான். இவ்வளவு ஒழுங்கான ஆளை நம்பக்கூடாது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் எண்ணம். அந்த வாரம் நான் எழுந்து அவன் மேசைப்பக்கம் போனாலே திரையில் இருப்பதை மாற்றிவிடுவான். ஒரு தடவை அவன் மாற்றுவதற்குள் எங்கள் கிர்கிஸ் எழுத்துகள் கண்ணில் பட்டுவிட்டன. ஆக, பக்கங்கள் அவனிடம் இருக்கின்றன. தொலைந்துபோகவில்லை, ஒளித்துவைத்திருக்கிறான்.

மறுநாள் மதியம் நான் ரொட்டியை உப்புத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தபோது அவனே வந்து நின்றான்.

"அனார்குல் அக்கா, உங்க வீட்டு இண்டர்நெட்ட யாரெல்லாம் யூஸ் பண்றாங்க?"

ரொட்டி தேநீரிலேயே விழுந்துவிட்டது. "எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"என் வீட்டுல நானும் வீட்டுப் பெரியவரும்தான். அவருக்கு இண்டர்நெட்டுல வானிலை பாக்க மட்டும்தான் தெரியும். போதுமா? அடுப்புல என்ன வேகுதுன்னும் சொல்லவா?"

அவன் காது சிவந்துவிட்டது. போய்விட்டான். பெரியவர் என் மாமனார். புருஷன் ருஷ்யாவில் யெகாத்தரின்பர்கில் லாரி ஓட்டுகிறார், வருஷத்துக்கு ஒரு முறை வருவார். புருஷன் ஊரில் இல்லாத பொம்பளையின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவன் விசாரித்தால் என்ன நினைப்பது? வேலையை மட்டும் பறிக்கப் பார்க்கவில்லை, வேறு எதையோ கிளறி என்னை வெளியே தள்ளுவதற்குக் காரணம் தேடுகிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

அதன் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. மதிய இடைவேளையில் எல்லோரும் வெளியே போனதும் பழைய தளத்தைத் திறந்து, என் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம்பிடித்தேன். நாளைக்கு 'இப்படி ஒன்று இருந்ததே இல்லை' என்று சொன்னால் காட்டுவதற்கு. அடைப்பான் பக்கத்தை மூன்று தடவை எடுத்தேன். அதைப் படித்துவிட்டு நரின் பக்கத்து மேய்ச்சல் மலையிலிருந்து ஒருவர் போன் செய்திருந்தார். செத்த மாட்டை அறுத்து ஊருக்குப் பங்கிடக் கத்தியைத் தீட்டியாகிவிட்டது, மகள் இதைப் படித்துக் காட்டியதால் நிறுத்திவிட்டோம் என்றார். அவர் குரல் எனக்கு மறக்கவே இல்லை. அந்த வார்த்தையை எந்த மெஷினிடம் போய்ச் சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை ரோஸா அலிம்பெகோவ்னா கூப்பிட்டனுப்பினார். உள்ளே வித்தாலியும் இருந்தான், மடிக்கணினியோடு. எனக்கு நாற்காலி காட்டவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"அனார்குல், நேரடியாவே கேக்குறேன்," என்றார் அவர். "இத்தனை வருஷமா நீங்கதான் கிர்கிஸ் பக்கம் பாக்குறீங்க. உங்க பேர்ல ஒரு பக்கம்கூட இல்லையே, அது எப்படி?"

நான் நாற்காலியின் முனைக்கு நகர்ந்தேன். "என்னது?"

வித்தாலி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "புதுத் தளத்துக்கு மாத்தும்போது, ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க யாரோ அவங்க எழுதினத மட்டும்தான் அது எடுத்துக்கும். ஊழியர் பட்டியல்ல இருக்குற குடும்பப் பேர வெச்சுத் தேடும். நிதி குடுக்கிறவங்க போட்ட நிபந்தனை. உங்க குடும்பப் பேர்ல தேடினா காலி. கிர்கிஸ் மொத்தமும் வேற ஒருத்தர் எழுதியிருக்காங்க. அந்த ஆளு ஊழியர் இல்ல. பாதி நேரம் வெளிய இருந்து எழுதியிருக்காங்க. அதுவும் உங்க வீட்டு இண்டர்நெட்ல இருந்து."

"அதாவது," என்றார் இயக்குநர், "சம்பளம் நீங்க வாங்கிட்டு, வேலைய வேற யார்கிட்டயோ குடுத்திருக்கீங்களான்னு கேக்குறோம்."

நான் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த வாரம் முழுக்க அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்! கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்து, படம்பிடித்ததையெல்லாம் மேசைமேல் தள்ளினேன். "இதுல எந்த வரி வேணும்னு சொல்லுங்க, பாக்காம ஒப்பிக்கிறேன். யாரு அந்த வேற ஆளு? பேரச் சொல்லு!"

வித்தாலி எழுத்துக்கூட்டிப் படித்தான். "அலபைத்தால்."

நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்ததில் அவன் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

அது எங்கள் அம்மா வீட்டுக் குதிரை. வெள்ளையும் செம்பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் பெட்டைக்குதிரை, அதன் பாலில்தான் எங்கள் வீட்டுக் கோடை நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அப்போதிருந்த கணினிக்காரர் "உங்க குடும்பப் பேர அடிச்சு ஒரு கணக்குத் தொடங்குங்க" என்று சொல்லிவிட்டுப் புகைபிடிக்கப் போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகு என் குடும்பப் பெயர் என் மாமனாரின் பெயர். அவர் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. நான் சொன்னதில்லை. மருத்துவமனையிலும் வங்கியிலும் பெயர் கேட்டால் பாஸ்போர்ட்டைச் சன்னலுக்குள் நீட்டிவிடுவேன். கையெழுத்து என்று ஒரு கிறுக்கல் வைத்திருக்கிறேன், அதில் ஓர் எழுத்தும் தெரியாது. இங்கேயும் அந்தப் பெயரை எழுதமாட்டேன். விரலால் சொன்னாலும் சொன்னதுதான். தினமும் காலையில் அதை அடித்து உள்ளே நுழைவது, பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வது மாதிரி. அப்போது மனதில் வந்தது குதிரை. அடித்தேன். அதன் பிறகு கணினியே நினைவில் வைத்துக்கொண்டது, நான் மறந்தும் போனேன். வேலை முடியாத நாட்களில் வீட்டில் உட்கார்ந்து எழுதியதும் அதே கணக்கில்தான்.

இதைச் சொல்லி முடித்ததும் வித்தாலி கேட்டான்: "உங்க பேரப் போடுறதுல என்னக்கா இருக்கு?"

"அது என் பேர் இல்லப்பா. அவரோட பேரு."

அவன் இயக்குநரைப் பார்த்தான். ரோஸா அலிம்பெகோவ்னா நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், தூக்கத்தில்கூட ருஷ்யத்தில்தான் பேசுவார் என்பாள் செசிம். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கிர்கிஸில், நான் அவர் வாயிலிருந்து அதிகம் கேட்டிராத கிர்கிஸில் சொன்னார்: "எங்க மாமனார் போய்ச் சேர்ந்தே ரொம்ப வருஷமாச்சு. சமாதிக் கல்லுல இருக்குறதக்கூட நான் வாய்விட்டுப் படிச்சதில்ல." உடனே ருஷ்யத்துக்குத் திரும்பிவிட்டார். "ஆனா குதிரை பேர்ல வெளியிட முடியாது. நிதி குடுக்கிறவங்களுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் எழுதினவங்க பேர் வேணும், முழுசா. இல்லேன்னா மெஷின் போட்ட பக்கம்தான் போகும். அது தயாரா இருக்கு, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

ஆக, மெஷின் விஷயம் என் கற்பனை இல்லை. தயாராகவே இருந்திருக்கிறது. அவர் நெகிழ்ந்தாரே, அது நிஜமா, வெட்கமா, அடுத்த மாதம் வேறு வழியில் என்னை அனுப்பிவிடுவார்களா என்று அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியாது.

வித்தாலி என்னைத் தன் மேசைக்கு அழைத்துப்போனான். விதைப் பொட்டலத்தை ஒதுக்கி இடம் பண்ணினான். திரையில் ஒரு பெட்டி. அலபைத்தால் எழுதியவற்றையெல்லாம் யாருக்கு மாற்றுவது என்று கேட்டது.

"நானே அடிச்சிடுறேன்க்கா," என்றான் மெதுவாக. "நீங்க அந்தப் பக்கம் பாருங்க. உங்க மேல தப்பா நெனச்சதுக்கு…"

அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் ஒரு வாரம் என் பக்கங்களை ஒளித்துவைத்திருந்த விரல்கள் அவை. ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி அத்தனையும் யாருடையதோ ஆகிவிடும், மெஷினின் ருஷ்ய வாடை அடிக்கும் பக்கங்கள் மலைக்குப் போகும்.

"வேணாம். என்னோடத நானே எடுத்துக்கிறேன். எந்திரி."

அவன் எழுந்து சன்னலுக்குப் போய் நின்றான். வெளியே நிலக்கரிப் புகை ஊர்மேல் கவிந்திருந்தது, மலை தெரியவில்லை. நான் உட்கார்ந்தேன். முதல் எழுத்தில் விரல் நின்றது. மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கடைசிவரை அடித்தேன். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவை.

பெட்டி மறைந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. ஆட்டுக் கழிச்சல், அவர் பெயர். கோமாரி, அவர் பெயர். அடைப்பான், அவர் பெயர். வரிகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றின் முடிவிலும் அது இருந்தது, நிற்கவில்லை.

என் போன் அடித்தது. வீட்டிலிருந்து மாமனார்தான். நான் கிளம்பும் நேரத்துக்குத் தினமும் பண்ணுவார்.

பதறி எழுந்து நின்றேன். அவர் குரலை நான் உட்கார்ந்துகொண்டு கேட்டதில்லை. தலைக்கு முக்காடு போடக் கழுத்திலிருந்த துணியை உருவினேன். உருவிய கை என் தலைக்குப் போகவில்லை. திரைமேல் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்து மூடிவிட்டேன்.

"சொல்லுங்கப்பா."

"அடுப்புல நெருப்புப் போட்டுட்டேன் தாயி. ரொட்டி இருக்கு, வாங்காத. கிளம்பிட்டியா?"

"இதோ, கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு," என்றேன், வெறும் தலையோடு நின்றுகொண்டு. மெல்லிய துணிதான். அதன் பூக்களுக்குப் பின்னால் வெளிச்சமாக, வரி வரியாக, அவர் பெயர் மேலே ஏறிக்கொண்டிருந்தது.