உப்புத் தண்ணீராக இருக்கட்டும்

துறைமுகத்தில் கண்டெய்னர் கட்டும் இரும்புத் தண்டு லோகேஸ்வரனின் தலையில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கை செத்துப்போனது. கட்டின பெண்டாட்டியை "அக்கா" என்று கூப்பிடுகிறான். "அக்கா இல்லங்க, பிரமிளா" என்று ஒவ்வொரு தடவையும் அவள் திருத்துவாள். தலையாட்டிவிட்டு மறுபடியும் அக்கா என்பான்.

போன வருடம் ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். லோகேஸ்வரனையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் இடுப்பெலும்பில் துளை போட்டு மஜ்ஜை எடுப்பார்கள். அதிலிருந்து பிரித்த ஸ்டெம் செல் பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது போனது என்று ஒரு வருடம் டாக்டருக்கே தெரியாது. உப்புத் தண்ணீர் போனவர்களுக்கு அதன் பிறகு நிஜ மருந்து உண்டு.

பிரமிளாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவள் பார்க்கும் வேலையும் அதுதான். சூட்டில் வைத்துச் சோதிக்கும் கம்ப்யூட்டர் சிப்புகளுக்குப் பக்கத்தில் சூடே படாத ஒரு தட்டு சும்மா கிடக்கும், ஒப்பிட்டுப் பார்க்க.

மாமியார் நல்லம்மாள் மகனிடம் தினம் ஒரு முன்னேற்றம் கண்டுபிடித்தாள். கரண்டியைப் பிடித்தானாம். கதவு சாத்தினால் திரும்பிப் பார்த்தானாம். பிரமிளாவின் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. படாதவரைக்கும் நல்லது என்றிருந்தாள். நிஜ மருந்தாக இருக்க வேண்டும் என்று கிழவி மாரியம்மனுக்கு விளக்கேற்றினாள். அதே விளக்கின் முன்னால் நின்று, உப்புத் தண்ணீராக இருக்கட்டும் தாயே என்று இவள் கும்பிட்டாள். உப்புத் தண்ணீர் என்றால் மருந்து இனிமேல்தானே.

வருடம் முடிந்தது. ஆராய்ச்சி நடத்திய டாக்டர் ஹன்னா, யாருக்கு எது போனது என்று எழுதியிருந்த உறையைப் பிரித்தார்.

"உங்க ஹஸ்பண்டுக்குப் போனது நிஜ செல்தான், பிரமிளா. ஸ்கேன், கை, பேச்சு எல்லாம் பாத்துட்டோம். மாற்றம் இல்ல."

நல்லம்மாள் முதல் வரியோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன்ல? நெஜ மருந்துதான் லா. இவதான் நம்பல." டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிரமிளா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கலந்துகொண்டதற்கு நன்றி என்று அச்சடித்த துணிப்பை ஒன்று கொடுத்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் கிழவி சுங்கை பாக்காப்பில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, அண்ணனுக்கு நிஜ மருந்து ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்றது. லோகேஸ்வரன் அசையவில்லை.

"அக்கா, எங்க போறோம்?"

பிரமிளா திருத்த வாயைத் திறந்தாள். பிறகு, "வீட்டுக்குத்தான் தம்பி. ஏறு" என்று செத்த கையைப் பிடித்துப் படியில் ஏற்றினாள்.