சொல்லாத தடை

சபையின் பின்னறையில் இருந்தவர்கள்: போதகர், அவர் மனைவி, அக்கா, அக்காவின் கணவர், தங்கை. நாற்காலிகள் ஐந்து, ஒன்று காலி. அக்காவின் கணவர் தரையில் முழங்காலிட்டு அழுதுகொண்டிருந்தார்.

எட்டு மாதங்களுக்கு முன்பு அவரிடம் அடிபட்டு, விலா எலும்பு உடைந்து, தங்கையின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தவள் அக்கா. இப்போது அவர் குடியை விட்டுவிட்டார், ஞானஸ்நானம் எடுத்துவிட்டார், அவளைத் திரும்பக் கேட்கிறார். இந்த மாதிரி விஷயத்துக்கு அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. எல்லோரும் கண்மூடி ஜெபிப்பார்கள். பிறகு மனதில் பட்டதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும்: சமாதானம், அல்லது தடை. ஒருவர் தடை என்றாலும் காரியம் நின்றுவிடும். காரணம் கேட்க மாட்டார்கள்.

தங்கை கண்ணை மூடினாள். வயிற்றுக்குள் கல்லைப் போட்டதுபோல் கனத்தது. அவர் அழுகையில் பொய் இல்லை. சந்தேகப்பட ஒரு துரும்பும் இல்லை. கனம் மட்டும் இறங்கவில்லை. அவள் பாட்டில் கம்பெனியில் விரிசல் பார்க்கிறவள். கை தானாகப் போய் ஒரு பாட்டிலை எடுக்கும். விரிசல் எங்கே என்று கண் பிறகுதான் தேடும். வேலையில் கையை நம்புகிறவள், இங்கே தன்னையே குறுக்கு விசாரணை செய்தாள்.

அக்கா போய்விட்டால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். அவள் போகக் கூடாது என்று தங்கைக்குக் கொள்ளை ஆசை. உன் மாம்சம் ஆசைப்படுவதற்கு எதிர்ப்பக்கம் தேவசித்தத்தைத் தேடு என்று போதகர் மாதம் தவறாமல் சொல்வார். அப்படியானால் இந்தக் கனம் கர்த்தரிடமிருந்து வந்ததல்ல, தன் சுயநலம் என்று முடிவு கட்டினாள். ஆசையும் எச்சரிப்பும் ஒரே பக்கம் நிற்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"சமாதானம்," என்றார் போதகர்.

"சமாதானம், அல்லேலூயா," என்றார் அவர் மனைவி. "நீ சொல்லும்மா."

"சமாதானம்," என்றாள் தங்கை.

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதையே சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"இனிமே உன் குறட்டையிலேர்ந்து எனக்கு விடுதலைடி."

"நீ மட்டும் என்னவாம்? தூக்கத்துல உதைக்கிறதுல கழுதைகூட உங்கிட்ட தோத்துடும்."

சிரித்துக்கொண்டே அக்காவின் கணவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா நின்றாள்.

"ஏண்டி, அன்னிக்கு உனக்கு உண்மையாவே சமாதானம் இருந்துச்சா?"

"ஏன்க்கா கேக்குறே?"

"எனக்கு இல்லடி. பயத்துல அப்படித் தோணுதுன்னு நெனச்சேன். நீ தடைன்னு சொல்லிடுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லல. சரி, நம்ம மனசுலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

தங்கை பையைக் கைமாற்றிக்கொண்டாள். இப்போது சொன்னாலும் போதும். பையோடு திரும்பி நடந்தால் போதும்.

கதவு திறந்தது. சலவைச் சட்டை, படிய வாரிய தலை. "வாங்க, வாங்க. பையைக் குடும்மா," என்றார் அக்காவின் கணவர். அவரை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சபை முழுவதும் இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிட்டது. அக்கா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சுக்கா," என்றாள் தங்கை.

அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். "நீயும் வாயேன், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு..." என்று அவள் திரும்புவதற்குள், "இன்னொரு நாள் வரட்டும்," என்று அவர் கதவைச் சாத்தினார்.

பட்டப்பகல், மணி மூன்றுகூட ஆகவில்லை. உள்ளே பூட்டு இரண்டு முறை திரும்பியது.