ஹமீமாவின் வலது கால்

1

இந்தக் கதை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரவூப் பாஸின் கராஜில் நடந்தது. நான் அங்கே இல்லை. மாத்தளையில், திருகோணமலை வீதியில் உள்ள என் புத்தகக் கடையில் யாருக்கோ சதுரக்கோட்டுக் கொப்பி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததை இரண்டு வாரம் கழித்து ரவூப் சொன்னார். கேட்டு முடித்ததும் வீட்டுக்குப் போகாமல் கடைக்குத் திரும்பி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். கதை பிறந்தது அப்படித்தான். வீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"எஞ்சின் என்பது மனித இதயத்தைப் போல, அமைதியாக இருக்க வேண்டிய நேரத்தில்…"

அடித்துவிட்டேன். எஞ்சின் எஞ்சினைப் போலத்தான் இருக்கும்.

இரண்டாவது:

"கார் நிற்கும்போது உறுமுகிறது என்று ஹமீமா சொன்ன அன்றே நான் அவளை நம்பினேன்."

இதை மூன்று நாள் அடிக்காமல் வைத்திருந்தேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய் என்பது மட்டும்தான் குறை.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே பேர்தான்.

ஹமீமா என் மனைவி. ஐம்பத்தொரு வயது. எல்கடுவ மலையில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். காலை பஸ்ஸின் நேரம் மாறியதிலிருந்து முதலாம் பாடத்துக்குப் போய்ச்சேர முடியாமல் போனது. நாற்பத்தொன்பதாவது வயதில் கார் பழகி, இரண்டாவது தடவையில் லைசன் எடுத்தாள்.

ரவூப் பாஸ் எங்கள் மெக்கானிக். தொழில் தெரிந்தவரை இங்கே பாஸ் என்போம்.

யாகூப் நான்.

(இந்த யாகூப் என்ற பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதும் கை அவனுடையது என்பதால் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் தன்னை நல்லவனாக்கிக்கொள்வான். கவனமாக வாசியுங்கள்.)

கார் தொண்ணூற்றேழாம் ஆண்டு ஜப்பானில் செய்தது. பழையதுதான், ஆனால் கார்பரேட்டர் இல்லை. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்றபடி பெட்ரோலை விடுவது ஒரு சின்னக் கம்பியூட்டர். கியரில் இல்லாமல் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்ற வேண்டும். சுற்றைக் காட்டும் முள் அதற்கு மேலே போனால் எங்கேயோ பிழை.

3

மே மாதம் அவள் முதல்முறை சொன்னாள்.

"நிக்கும்போது வண்டி கத்துது. நான் ஒண்ணுமே செய்யல்ல."

அடுத்த நாள் நானே எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள நாலந்தா வரை போய் வந்தேன். ரேடியோ போட்டிருந்தேன். கார் கத்தவில்லை.

"எனக்கு ஒண்ணும் செய்யல்லியே," என்றேன்.

அவள் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. ஜூன் மாதம், அவள் பள்ளிக்கூடம் விட்டு மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு நாலைந்து பெண்கள் பாதையைக் கடந்திருக்கிறார்கள். ஹமீமா கிளச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தாள். பிரேக் பெடல் இறுக்கமாக நின்றது. எஞ்சின் தலை வெடிக்கிறமாதிரி அலறியது. கார் நின்றது, ஆனால் மதகின் விளிம்புக்கும் டயருக்கும் இடையே ஒரு சாண்தான் மிச்சம். மூட்டையோடு ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள்.

"பயப்படாதீங்க டீச்சர். நாங்க ஓரமாத்தான் நிக்கிறோம். நீங்க மெதுவா மூச்சு விடுங்க."

ஹமீமா வண்டியை மறுபடி எடுக்கும்வரை அந்தப் பெண் அங்கேயே நின்றாளாம்.

வீட்டுக்கு வந்ததும், நான் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் மேல் சாவியை வைத்தாள்.

"நாளையிலருந்து பஸ்ஸிலயே போறேன்."

இந்த இடத்தில் யாகூப் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு எழுந்து

[இல்லை. மடிக்கவில்லை.]

"கால் பழகணும் ஹமீமா," என்றேன். "பிரேக்னு நெனச்சு அக்ஸிலேட்டர மிதிச்சிருப்பீங்க. எல்லாருக்கும் வாறதுதான்."

அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"இருக்கும்," என்றாள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் கஷ்டமான சொல் அதுதான். முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் "வழியைக் காட்டாமல் விடையைச் சொல்லாதே" என்று சொல்கிறவள், நான் சொன்ன விடையை வழி கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

4

யாகூப் முழுக் கெட்டவனும் இல்லை. (பார்த்தீர்களா, தொடங்கிவிட்டான்.) காரை ரவூபிடம் கொண்டுபோனேன். அவர் பொனட்டைத் திறந்துவைத்து ஒழுங்காகத்தான் பார்த்தார். அக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். சும்மா நிற்கும்போது காற்றை அளந்து விடுகிற வால்வைக் கழற்றிக் கழுவினார். ரப்பர்க் குழாய்களில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றின் மேலும் ஸ்ப்ரே அடித்துச் சத்தம் மாறுகிறதா என்று கேட்டார். மாறவில்லை. முள் எண்ணூறிலேயே நின்றது.

"வண்டில ஒரு பிழையும் இல்ல நானா," என்றார். (அண்ணனை நாங்கள் நானா என்போம்.)

அப்போது நான் சொன்ன வசனத்தை நான்கு தரம் எழுதி நான்கு தரம் அடித்தேன். இப்போது எழுதிவிடுகிறேன், இனி அடிக்கமாட்டேன்.

"அப்ப டீச்சர்ட காலத்தான் சர்விஸ் பண்ணணும் போல."

ரவூப் சிரித்தார். நானும் சிரித்தேன்.

5

பிறகு நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. ரவூப் சொன்னதும், கராஜின் சுவரில் அவர் ஒட்டிவைத்திருக்கும் ஒரு தாளும்தான் ஆதாரம்.

அது சதுரக்கோட்டுத் தாள். ஹமீமாவின் கையெழுத்து. நான் கடையில் இருந்த நேரங்களில், ஆறு நாள், அவள் முற்றத்தில் நின்ற காரில் ஏறி எஞ்சினைப் போட்டு, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். கட்டம் போட்டிருக்கிறாள்: கிளச், ஹேண்ட் பிரேக், கால் பிரேக், லைட். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து முள் எங்கே நிற்கிறது என்று எழுதியிருக்கிறாள். மற்ற எல்லாக் கட்டத்திலும் எண்ணூறு. கால் பிரேக்கில் மட்டும், லேசாகத் தட்டினால் எண்ணூறு, ஆழமாக மிதித்துப் பிடித்தால் இரண்டாயிரம்.

தாளின் அடியில் ஒரு வரி: "வலது கால் என்ற சந்தேகத்தை நீக்க வேண்டும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போயிருக்கிறாள். ரவூப் வழக்கம்போல பொனட்டைத் திறக்கப் போனார்.

"எஞ்சினப் பார்க்க வேணாம் பாஸ்," என்றாள். "இந்தப் பக்கம் வந்து என்ட காலப் பாருங்க."

கதவைத் திறந்துவைத்தாள். அபாயாவைச் சரிசெய்துகொண்டு வலது காலைத் தூக்கி, சம்மணம் போடுவதுபோல இருக்கையில் மடித்து வைத்தாள். அக்ஸிலேட்டருக்குப் பக்கத்தில் காலே இல்லை. இடது காலால் பிரேக்கை ஆழமாக மிதித்துப் பிடித்தாள்.

முள் ஏறியது. கராஜ் முழுக்க அலறல்.

விட்டாள். இறங்கியது. மறுபடி மிதித்தாள். ஏறியது.

ரவூப் சிமெந்துத் தரையில் முழங்காலிட்டு பெடலுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். உஸ்ஸென்று காற்றுப் போகும் சத்தம். எழுந்து போய், எஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகிற தடித்த குழாயைக் குறட்டால் நெரித்துப் பிடித்தார்.

"இப்ப மிதிங்க டீச்சர்."

மிதித்தாள். பெடல் கல்லாக நின்றது. ஆனால் எஞ்சின் அசையவில்லை. எண்ணூறு.

(மெக்கானிக் அல்லாத வாசகருக்கு: பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் வட்டமான ஒரு தகர டப்பா உண்டு. பூஸ்டர் என்பார்கள். அதற்குள் ஒரு ரப்பர்த் தாள். எஞ்சின் காற்றை இழுக்கும் பலத்தைக் கடன் வாங்கி அது நம் காலுக்கு உதவுகிறது. அந்தத் தாள் கிழிந்திருந்தது. ஆழமாக மிதிக்கும்போதுதான் கிழிசல் வாய் திறக்கும். அதன் வழியே எஞ்சினுக்குள் கள்ளக் காற்றுப் போக, கம்பியூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும். நான் தட்டித் தட்டி பிரேக் போடுகிறவன், நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் காலை எடுத்துவிடுவேன். ஹமீமா கவனமானவள், மிதித்தால் விடமாட்டாள். பொனட்டுக்குள் பார்த்த ரவூபோ பெடலை மிதிக்க யாரையும் உட்காரவைக்கவில்லை.)

"இன்னும் ஒரு மாசம் அந்த மலையில ஓடியிருந்தா," என்று ரவூப் என்னிடம் தொடங்கினார். வசனத்தை முடிக்கவில்லை. நானும் அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

இந்த இடத்தில் ஹமீமா வெற்றியோடு ஏதோ பேசுவதாக அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. ரவூப் சொன்னது இவ்வளவுதான்: மடித்த காலை இறக்கிவைத்து, முழங்காலை இரண்டு தடவை கையால் தடவிக்கொண்டாளாம்.

6

ரவூப் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. அவளிடம் அங்கேயே சொல்லியிருக்கிறார்:

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். டீச்சர்ட காலத்தான் சர்விஸ் பண்ணணும்னு அன்னைக்கு நானா சொன்னப்ப நானும் சிரிச்சேன்."

அவளுக்கு அதுவரை அது தெரியாது.

"என்ன சொன்னாங்க?" என்று ரவூபிடம் கேட்டேன்.

"தண்ணி கொஞ்சம் கேட்டாங்க நானா."

அன்று மாலை அவள் என்னிடம் சொன்னது, "பூஸ்டர் மாத்தியாச்சு. வண்டி இப்ப நல்லம்." நான் சொன்னது, "அப்படியா, நல்லம்." பிறகு வந்த இரண்டு வாரத்தையும் இப்போது ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்க்கிறேன். என் பிரஷர் மாத்திரையை ஞாபகப்படுத்தினாள். கருவாடு பொரித்தாள். நான் சொன்ன பகிடி ஒன்றுக்குச் சிரித்தாள். தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறாள்.

7

முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் யாகூப் அவளைக் கராஜுக்கு அழைத்துப்போய் ரவூபின் முன்னால் மன்னிப்புக் கேட்கிறான். சபையில் சொன்ன சொல்லைச் சபையில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு நியாயம். ஆனால் பாதி வழியில் எனக்கே தெரிந்துவிட்டது, தான் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க அவன் ஆள் தேடுகிறான்.

இரண்டாவதில் ஹமீமா ஏசுகிறாள், நன்றாக, ஒரு பக்கத்துக்கு. எழுதும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

மூன்றாவதில் இந்தக் கதையையே அவளிடம் வாசிக்கக் கொடுக்கிறான். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சிவப்புப் பேனையை எடுத்து எழுத்துப்பிழை திருத்துவாள். மன்னிப்பைத் தாளில் நீட்டுவது, பெடலை மிதித்துப் பார்க்காமல் பொனட்டைத் திறந்து பார்ப்பது போலத்தான்.

இன்றும் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது. மணி இரண்டு பத்து. எல்கடுவவிலிருந்து இறங்கி வருகிறவள் தினமும் இந்த நேரத்தில் கடைக்கு முன்னால் நிறுத்துவாள். நான் ஏறிக்கொள்வேன், வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். இதோ, வெள்ளைக் கார் திரும்புகிறது. வந்து நிற்கிறது. ஹோர்ன் அடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தலையைச் சாய்த்து, ஷட்டருக்குள் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறாள்.

பேனையை மூடப் போகிறேன். ஏறி, கதவைச் சாத்திவிட்டு நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியும். அவள் என்ன சொல்வாள் என்பதை என்னால் எழுத முடியாது, எழுதினால் அது என் வசனமாகிவிடும். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஏச வைக்கலாம், பேசாமல் இருக்க வைக்கலாம், சிரிக்க வைத்தாலும் சரி.

அழ மட்டும் வைத்துவிடாதீர்கள். அவள் வண்டி ஓட்ட வேண்டும்.